எஸ்டிஎம்32-ல் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் கிளாக்: எமிஷன் டெஸ்ட்டில் 4 டிபி இறங்குமா?

அம்பத்தூர் எம்பெடட்:

வணக்கம். அபார்ட்மென்ட் வீடுகளுக்கு இன்டர்காம் பேனல் ஒன்று செய்கிறோம், ஹாலில் சுவரில் மாட்டும் வகை. எஸ்டிஎம்32 எஃப்429 மைக்ரோகன்ட்ரோலர் சிப், பக்கத்தில் எஸ்டிரேம் மெமரி, 7 அங்குல டிஎஃப்டி திரை, ஈதர்நெட், மைக், ஸ்பீக்கர், அப்புறம் ஃபர்ம்வேர் மாற்ற பென்டிரைவ் செருகும் ஒரு யுஎஸ்பி. வாடிக்கையாளர் சிஸ்பிஆர் 32 கிளாஸ் பி (வீட்டுக் கருவிகள் வெளிவிடும் ரேடியோ இடையூறுக்கான வரம்பு) ரிப்போர்ட் கேட்கிறார். 3 மீட்டர் சேம்பரில் (வெளி ரேடியோ அலை புகாத டெஸ்ட் அறை) வைத்துப் பார்த்ததில் 252 மெகாஹெர்ட்ஸில் குவாசி-பீக் அளவு (எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் உச்சம்) லிமிட்டைவிட 4 டிபி மேலே நிற்கிறது. 336-ல் 1 டிபி மேலே. 165-ல் பாஸ், ஆனால் லிமிட்டுக்கும் அதற்கும் 2 டிபிதான் இடைவெளி.

எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. கோர் 168 மெகாஹெர்ட்ஸ், எஸ்டிரேம் கிளாக் அதில் பாதி, 84. அதன் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு ஃப்ரீக்வென்சி) 252, நான்காவது 336. திரைக்குப் போகும் பிக்சல் கிளாக் 33, அதன் ஐந்தாவது 165.

போர்டை மறுபடி லேஅவுட் செய்தால் ஒரு மாதம் போய்விடும். அதனால் இந்தச் சிப்பிலேயே இருக்கும் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் வசதியை, அதாவது கிளாக் வேகத்தை வேண்டுமென்றே லேசாக அலைய விடுவதை, போடலாமா என்று யோசிக்கிறேன். கிளாக்கை 1 சதவீதம் அலைய விட்டால் 252-ல் அது 2.52 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். அளக்கும் ரிசீவர் ஒரு நேரத்தில் பார்க்கும் அகலம் 120 கிலோஹெர்ட்ஸ். 2.52-ஐ 0.12-ஆல் வகுத்து டிபி ஆக்கினால் 13 டிபி வருகிறது. எனக்குத் தேவை 4, அதோடு கொஞ்சம் மார்ஜின். இந்தக் கணக்கு நிஜத்தில் நிற்குமா? யுஎஸ்பி, ஆடியோ எதுவும் கெடுமா? கூட வேலை செய்பவர் ஒருவர், இது டெஸ்ட் மெஷினை ஏமாற்றும் வேலை, நேர்மையாகச் செய்வதென்றால் போர்டைச் சரிசெய் என்கிறார். அதற்கும் உங்கள் கருத்து வேண்டும்.

ரிச்சி தெரு டெக்:

இதில் ஏமாற்று எதுவும் இல்லை நண்பரே. பிசி மதர்போர்டு பயாஸில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்று ஒரு ஆப்ஷனைப் பார்த்திருப்பீர்கள், ஓவர்கிளாக் செய்பவர்கள் முதலில் அணைப்பது அதைத்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா இரண்டின் ஸ்பெக்கிலேயே கிளாக் 0.5 சதவீதம் வரை கீழ்ப்பக்கம் அலையலாம், அதுவும் 30 முதல் 33 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் என்று எழுதியிருக்கிறது. ஒரே இடத்தில் கொட்டிய மணலை நீளமாக இழுத்து விட்டால் மேடு தணியும், மணலின் அளவு மாறாது. இங்கே நடப்பதும் அதுதான், மொத்த பவர் அப்படியே இருக்கும், ஒரே ஃப்ரீக்வென்சியில் குவியாது. ஹார்மோனிக் எண் ஏற ஏற அகலமும் ஏறும் என்பதால் மேலே போகப் போகப் பலன் அதிகம். 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஃபெயில் ஆகியிருந்தால் இதை நம்ப வேண்டாம் என்பேன், 252 என்பதால் முயன்று பார்க்கலாம்.

கிண்டி ஆர்எஃப்:

முயன்று பார்க்கும் முன்னால் எஃப்429-ன் கிளாக் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிப்பில் ஸ்ப்ரெட் வசதி மெயின் பிஎல்எல்-க்கு (கிரிஸ்டல் கிளாக்கைப் பெருக்கித் தரும் சர்க்யூட்) மட்டும்தான் உண்டு. எஸ்டிரேம் கிளாக் அதிலிருந்து பிறப்பதால் 252, 336 இரண்டுக்கும் பலன் கிடைக்கும். பிக்சல் கிளாக் பிஎல்எல்-எஸ்ஏஐ என்ற வேறு பிஎல்எல்-லிருந்து வருகிறது, அதை இந்த ரெஜிஸ்டர் தொடவே தொடாது, 165 இருந்த இடத்தில் இருக்கும். அந்த 33-ன் மூன்றாவது ஹார்மோனிக் 99 மெகாஹெர்ட்ஸ், நம்ம ஊர் எஃப்எம் நிலையங்களுக்கு நடுவில், 98.3-க்கும் 101.4-க்கும் இடையில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியோவை ஐ2எஸ் பிஎல்எல்-லிருந்து ஓட்டினால் அதன் கிளாக் பிழைத்தது. ஈதர்நெட் பிஹெச்ஒய்-க்கு (கேபிளோடு பேசும் சிப்) தனி 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் அதுவும் பிழைத்தது. ஈதர்நெட் கிளாக்குக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குத்தான் சலுகை, நீங்கள் தரப்போவது 10,000 பிபிஎம், ஆகவே தவறியும் மெயின் கிளாக்கை வெளியே எடுத்து பிஹெச்ஒய்-க்குக் கொடுத்துவிடக் கூடாது.

சிக்கல் யுஎஸ்பி. அதற்கான 48 மெகாஹெர்ட்ஸ் இந்தச் சிப்பில் மெயின் பிஎல்எல்-ன் க்யூ என்ற வெளியீடு வழியாகத்தான் வரும், வேறு வழி கிடையாது. ஃபுல் ஸ்பீடில் டிவைஸுக்கே 0.25 சதவீதம்தான் அனுமதி, ஹோஸ்டுக்கு 0.05. உங்கள் பேனல் பென்டிரைவைப் படிக்கிறது என்றால் அது ஹோஸ்ட். 1 சதவீதம் அலையும் கிளாக்கில் சில பென்டிரைவ் வேலை செய்யும், சிலது செய்யாது, அந்த நிலைமையில் ஒரு பொருளை விற்கக் கூடாது. ஆனால் யுஎஸ்பி அப்டேட்டுக்கு மட்டும்தான் என்றால் அதை பூட்லோடருக்குள் (மெயின் புரோகிராமுக்கு முன்னால் ஓடும் சின்ன புரோகிராம்) தள்ளிவிடுங்கள். பூட்லோடர் ஸ்ப்ரெட் இல்லாமல் ஓடட்டும். அந்த ரெஜிஸ்டரை பிஎல்எல் அணைந்திருக்கும்போதுதான் எழுத முடியும் என்பதால், மெயின் புரோகிராமுக்குள் நுழையும்போது பிஎல்எல்-ஐ அணைத்து, எழுதி, மறுபடி எழுப்ப வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. டவுன் ஸ்ப்ரெட் (கிளாக்கைக் கீழ்ப்பக்கம் மட்டும் அலைப்பது) 1 சதவீதம் என்றால் சராசரியாக கிளாக் 0.5 சதவீதம் மெதுவாக ஓடும். திரையில் காட்டும் நேரத்தை மெயின் கிளாக்கில் ஓடும் சிஸ்டிக் டைமரை எண்ணி ஓட்டினால் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் பின்தங்கும். தனி கிரிஸ்டலில் ஓடும் 32.768 கிலோஹெர்ட்ஸ் ஆர்டிசி கடிகாரத்தை வைத்து ஓட்டுங்கள்.

13 டிபி கணக்கைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் எனக்கு உடன்பாடில்லை.

வேளச்சேரி ஹாம்:

நேர்மையைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு எதிர்த்தரப்பிலிருந்து சொல்கிறேன். நான் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரன், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் கேட்பவன். முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் ஏதாவது கருவி தொல்லை கொடுத்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒற்றை விசில் கேட்கும், டயலைக் கொஞ்சம் நகர்த்தினால் தப்பித்துவிடலாம், எந்தக் கருவி என்று தேடிக் கண்டுபிடிக்கவும் முடியும். இப்போது ஸ்ப்ரெட் போட்ட கருவிகள் பேண்டில் பாதியை மெல்லிய இரைச்சலாக மூடிவிடுகின்றன. அளக்கும் ரிசீவரில் உயரம் குறைந்திருக்கலாம், ஆனால் தூரத்திலிருந்து வரும் பலவீனமான சிக்னலைக் கேட்க உட்கார்ந்திருப்பவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது. அபார்ட்மென்ட் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பேனல் மாட்டப்போகிறீர்கள், ஒரே ஒரு பேனல் இல்லை. போர்டில் சரிசெய்ய முடிந்ததை போர்டில் சரிசெய்யுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன்.

முன்னாள் சேம்பர் பொறியாளர்:

ஹாம் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இருந்தாலும் ஏமாற்று என்ற வார்த்தையை நான் ஏற்க மாட்டேன். சிஸ்பிஆர் என்ற சர்வதேசக் குழு 1934-ல் தொடங்கியதே ரேடியோ ஒலிபரப்பைக் காப்பாற்றத்தான். குவாசி-பீக் டிடெக்டர் என்பது ஒரு இடையூறு கேட்பவருக்கு எவ்வளவு எரிச்சல் தரும் என்பதை ஒட்டி வடிவமைத்தது, அடிக்கடி வரும் துடிப்புக்கு அதிக எடை, எப்போதாவது வருவதற்குக் குறைந்த எடை. 120 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எவ்வளவு விழுகிறது என்பதுதான் லிமிட்டின் கேள்வி. எஃப்எம் ரேடியோ மாதிரி குறுகிய சேனல் கேட்கும் ரிசீவருக்கு ஸ்ப்ரெட் போட்ட கிளாக் உண்மையாகவே குறைவான தொல்லைதான் கொடுக்கும். 1994-ல் லெக்ஸ்மார்க் பொறியாளர்கள் ஹார்டின், ஃபெஸ்லர், புஷ் மூவரும் ஐஇஇஇ இஎம்சி மாநாட்டில் இதை வெளிப்படையாகக் கட்டுரையாக வைத்தார்கள், மறைத்துச் செய்த வேலை இல்லை. வெறும் சைன் அலையால் அலைத்தால் இரண்டு ஓரத்திலும் கொம்பு மாதிரி உச்சம் நிற்கும், முக்கோண அலை அதைவிட நல்லது, அவர்கள் அதையும் வளைத்து மேற்பகுதியை இன்னும் தட்டையாக்கினார்கள்.

எங்கே இது பலன் தராது என்றால் அகலமான ரிசீவருக்கு. எல்டிஇ (4ஜி) போனின் சேனல் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று வையுங்கள், உங்கள் 2.5 மெகாஹெர்ட்ஸ் பரவல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், அந்த போனுக்கு நீங்கள் எதையும் குறைக்கவில்லை. அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, ஸ்ப்ரெட் அணைந்த நிலையில் லிமிட்டுக்கு ஒட்டி வரும் வரை போர்டிலும் கேபிளிலும் வேலை செய்யுங்கள், ஸ்ப்ரெட் தருவதை மார்ஜினாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் வரும் ஒவ்வொரு போர்டும் சேம்பரில் வைத்த போர்டு மாதிரியே இருக்காது, அந்த மார்ஜின் தேவைப்படும்.

அம்பத்தூர் எம்பெடட்:

எல்லோருக்கும் நன்றி. யுஎஸ்பியை பூட்லோடருக்கு நகர்த்துவதில் பிரச்சினை இல்லை, ஆர்டிசி ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ப்ரெட் போட்டும் பார்த்துவிட்டேன். 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 8-ஆல் வகுத்து பிஎல்எல்-க்கு 1 மெகாஹெர்ட்ஸ் போகிறது, பெருக்கல் 336. மாடுலேஷன் 10 கிலோஹெர்ட்ஸ், டவுன் ஸ்ப்ரெட், மொத்தம் 1 சதவீதம். ரெஜிஸ்டரில் மாட்பர் 25, இன்க்ஸ்டெப் 440.

மேசையில் சின்ன ஸ்பெக்ட்ரம் அனலைசரும் கம்பியை வளைத்துச் செய்த லூப் புரோபும் வைத்து 252-ஐப் பார்த்தால் உச்சி 20 டிபிக்கு மேல் இறங்கிவிட்டது! 13 எதிர்பார்த்தேன், அதைவிட நன்றாக வந்திருக்கிறது. சேம்பர் புக் செய்துவிடலாமா?

கிண்டி ஆர்எஃப்:

பொறுங்கள் தம்பி, புக் செய்யாதீர்கள். அனலைசரில் ஆர்பிடபிள்யூ (ஒரு நேரத்தில் பார்க்கும் அகலம்) எவ்வளவு இருக்கிறது? ஆட்டோவில் விட்டிருந்தால் அந்த ஸ்பானுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்திருக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அலைத்தால் ஸ்பெக்ட்ரம் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சுமார் 250 கோடுகளாக உடையும், நீங்கள் அதில் ஒரே ஒரு கோட்டைப் பார்க்கிறீர்கள், அது 24 டிபி கீழேதான் இருக்கும். சேம்பர் ரிசீவர் 120 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பார்க்கும். அதற்குள் பன்னிரண்டு கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து விழும்.

உங்கள் 13 டிபி கணக்கும் இதே இடத்தில்தான் பிசகுகிறது. அந்த வகுத்தல் சராசரி பவருக்குச் சரி. குவாசி-பீக் சராசரியைக் காட்டாது. நேரத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள்: 10 கிலோஹெர்ட்ஸ் மாடுலேஷனில் கிளாக் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 50 மைக்ரோசெகண்ட், அந்த நேரத்தில் 252-ல் 2.52 மெகாஹெர்ட்ஸ் நடக்கிறது, ஆக 120 கிலோஹெர்ட்ஸ் ஜன்னலைக் கடக்க 2.4 மைக்ரோசெகண்ட் எடுக்கிறது. ரிசீவரின் ஃபில்டருக்கு எழுந்து நிற்க 8 மைக்ரோசெகண்ட் வேண்டும். 2.4-க்குள் முழு உயரத்துக்கு எழாவிட்டாலும் பெரும்பகுதி எழுந்துவிடுகிறது, கணக்குப் போட்டால் முழு உயரத்தைவிட 3 டிபி பக்கம்தான் குறைவு. இப்படி ஒரு நொடிக்கு 20,000 தடவை கடக்கிறது, அவ்வளவு அடிக்கடி வரும் துடிப்புக்கு குவாசி-பீக் கிட்டத்தட்ட பீக்கையே காட்டும். எனவே சேம்பரில் உங்களுக்குக் கிடைக்கப்போவது 13 இல்லை, 20-ம் இல்லை, 3.

இதே 1 சதவீதத்தை 32 கிலோஹெர்ட்ஸில் அலைத்தால் ஜன்னலை முக்கால் மைக்ரோசெகண்டில் கடந்துவிடும், ஃபில்டர் எழ நேரமே இருக்காது, 7 டிபி பக்கம் இறங்கும். தனியாக விற்கும் ஸ்ப்ரெட் கிளாக் சிப்கள் 30 முதல் 33 கிலோஹெர்ட்ஸில் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். காதுக்குக் கேட்கும் எல்லைக்கு மேலே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ரொம்ப வேகமாகப் போனால் அடுத்த கட்டத்தில் உள்ள பிஎல்எல்-கள் பின்தொடர முடியாமல் ஜிட்டர் (கிளாக் நடுக்கம்) சேரும், அதனால் மேலேயும் ஒரு வரம்பு.

எஃப்4 வரிசையில் உள்ளே இருக்கும் ஸ்ப்ரெட்டுக்கு டேட்டாஷீட் சொல்லும் உச்ச வேகமே 10 கிலோஹெர்ட்ஸ்தான். அது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வருகிறது. உங்களிடம் மைக் பிரீஆம்ப் இருக்கிறது. சப்ளை வழியாகவோ கிரவுண்ட் வழியாகவோ அது உள்ளே புகுந்தால் ஸ்பீக்கரில் ஊசி மாதிரி ஒரு கீச்சு கேட்கும். வால்யூமை முழுக்க ஏற்றி, பேசாமல் இருந்து கேட்டுப் பாருங்கள்.

மேசையில் ஆர்பிடபிள்யூவை 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, ஆவரேஜை அணைத்து, மேக்ஸ் ஹோல்டில் (உச்சத்தைப் பிடித்து வைக்கும் முறை) மறுபடி பாருங்கள்.

அம்பத்தூர் எம்பெடட்:

பார்த்தேன் சார். ஆட்டோவில்தான் இருந்தது. 100 கிலோஹெர்ட்ஸில் வைத்து மேக்ஸ் ஹோல்டில் பார்த்தால் 252-ல் 3 டிபி மட்டும். 336-ல் கொஞ்சம் கூடுதல், நான்கு இருக்கும். ஸ்பீக்கரில் கீச்சு எதுவும் கேட்கவில்லை, காதை ஒட்டி வைத்தும் கேட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்ப்ரெட்டை அணைத்துவிட்டு டிஎஃப்டி ரிப்பன் கேபிளைக் கழற்றினால், புரோபைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்கூட 252 காணாமல் போகிறது. எஸ்டிரேம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாட்டினால் திரும்ப வந்துவிடுகிறது. ரிப்பனில் போவது 33 மெகாஹெர்ட்ஸ் சிக்னல்கள், அதில் எப்படி 84-ன் ஹார்மோனிக்?

முன்னாள் சேம்பர் பொறியாளர்:

நீங்களே ஆன்டெனாவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எஸ்டிரேமின் அத்தனை பின்களும் சேர்ந்து மாறும்போது சிப்பின் கிரவுண்டும் 3.3 வோல்ட் சப்ளையும் லேசாக ஆடும். அதே சப்ளையில் இருந்துதான் டிஎஃப்டி பின்களும் ஓட்டப்படுகின்றன, ஆகவே அந்த ஆட்டம் ரிப்பனில் உள்ள ஒவ்வொரு கம்பியிலும் பொதுவாக ஏறி வெளியே போகிறது. 252 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 30 சென்டிமீட்டர், ரிப்பனும் திரையின் உலோகச் சட்டமும் சேர்ந்தால் அதற்கு நெருக்கமாக வந்துவிடும்.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். டிஎஃப்டி பின்களின் ஸ்பீடு ரெஜிஸ்டரைப் பாருங்கள், உதாரணக் கோடை அப்படியே எடுத்தால் எல்லாவற்றுக்கும் அதிகபட்சம் என்று போட்டிருக்கும். 33 மெகாஹெர்ட்ஸுக்கு அது வேண்டியதில்லை, இறக்குங்கள், 165-ம் அதிலேயே தணியும். எஸ்டிரேம் பின்களையும் ஒரு படி இறக்கலாம், ஆனால் உங்கள் போர்டின் லோடு கபாசிட்டன்ஸுக்கு டேட்டாஷீட் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, போர்டைச் சூடாக்கியும் மெமரி டெஸ்ட் ஓட்டியும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிளாக் பின்னுக்குப் பக்கத்தில் சீரிஸ் ரெசிஸ்டர் இருந்தால் 22-ஐ 33 ஓம் ஆக்கிப் பாருங்கள். அடுத்து திரையின் உலோகச் சட்டத்தை போர்டு கிரவுண்டோடு அகலமான காப்பர் டேப்பால், ரிப்பன் கனெக்டருக்கு ஒட்டியே இணையுங்கள். மெல்லிய கம்பியால் இணைத்தால் பலன் இருக்காது. ரிப்பனுக்கு ஃபெரைட் கடைசி வழி, ரிச்சி தெருவில் தட்டையான கிளிப் வகை கிடைக்கும், வாங்கும்போது இம்பீடன்ஸ் வளைவு 250 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உச்சத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

இதில் எதற்கும் புது லேஅவுட் தேவையில்லை. ஒவ்வொன்றையும் ஸ்ப்ரெட்டை அணைத்து வைத்தே அளங்கள், அப்போதுதான் எது எவ்வளவு தந்தது என்று தெரியும். முழு ரிப்போர்ட்டுக்கு முன்னால் தரமணி சமீர் (மத்திய அரசின் ஆய்வு நிறுவனம்) மாதிரி இடத்தில் ப்ரீ-கம்ப்ளையன்ஸ் நேரம் கிடைக்குமா என்று விசாரியுங்கள், கம்மி செலவில் முடியும்.

வேளச்சேரி ஹாம்:

ரிப்பனைக் கழற்றிப் பார்த்ததற்கு நன்றி. இந்த வழியில் போனால் என் பேண்டுக்கும் நிம்மதி.

அம்பத்தூர் எம்பெடட்:

டிஎஃப்டி பின்களின் ஸ்பீடை இறக்கியதிலேயே 165 நன்றாகக் குறைந்துவிட்டது, 252-ம் கொஞ்சம். காப்பர் டேப் நாளை. ஒரே ஒரு கேள்வி. கடைசியில் மார்ஜினுக்காக ஸ்ப்ரெட் போடும்போது சென்டரா (இரண்டு பக்கமும் அலைப்பது) டவுனா? சென்டர் என்றால் சராசரி கிளாக் மாறாதே, அது நல்லதில்லையா?

கிண்டி ஆர்எஃப்:

டவுன். சென்டரில் பாதி நேரம் கிளாக் 168-க்கு மேலே போகும், ஃபிளாஷ் வெயிட் ஸ்டேட்டும் எஸ்டிரேம் டைமிங்கும் எந்த ஃப்ரீக்வென்சிக்குக் கணக்குப் போட்டீர்களோ அதைத் தாண்டும். இன்னொரு காரணமும் உங்கள் போர்டுக்கே உரியது. 84-ன் பதினொன்றாவது ஹார்மோனிக் 924 மெகாஹெர்ட்ஸ். 925-ல் இருந்து 960 வரை 900 பேண்டில் டவரிலிருந்து போனுக்கு வரும் சிக்னல். சென்டர் ஸ்ப்ரெட் போட்டால் அந்த ஹார்மோனிக் 928 வரை ஏறி அதற்குள் நுழையும், டவுன் போட்டால் 924-க்குக் கீழேயே நின்றுவிடும். பேனலுக்குப் பக்கத்தில் நின்றுதான் வீட்டுக்காரர் போன் பேசுவார். ரெஜிஸ்டரில் ஸ்ப்ரெட்செல் பிட்டை 1 ஆக்கினால் டவுன். அந்த நிலையில் வெப்ப அறையில் ஒரு இரவு மெமரி டெஸ்ட் ஓட்டிவிட்டு சேம்பருக்குப் போங்கள், ஸ்ப்ரெட் போட்டது, போடாதது என்று ஃபர்ம்வேர் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.